டிரெஸ்டன் கிறிஸ்துமஸ்: சந்தையில் பாதி, அருங்காட்சியகத்தில் மீதி

டிசம்பரில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மாலை நான்கு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். அலுவலகம் விட்டவர்கள், பள்ளி விட்ட பிள்ளைகள், பேரப்பிள்ளைகளைக் கையில் பிடித்த தாத்தா பாட்டிகள் என்று எல்லோரும் நகரின் நடுவிலுள்ள ஆல்ட்மார்க்ட் சதுக்கத்தை நோக்கி நடக்கிறார்கள். சதுக்கம் முழுக்க வரிசை வரிசையாக மரக்கடைகள். வறுத்த பாதாம், பட்டை, கிராம்பு, சூடான ஒயின், சாம்பிராணி எல்லாம் கலந்த வாசனை. நடுவே பதினான்கு மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் மரக்கோபுரம் ஒன்று அடுக்கடுக்காகப் பொம்மைகளைச் சுமந்துகொண்டு நிதானமாகச் சுற்றுகிறது. இதுதான் ஷ்ட்ரீட்ஸல்மார்க்ட். ஜெர்மனியின் மிகப் பழைய கிறிஸ்துமஸ் சந்தைகளில் ஒன்று.

1434-இல் சாக்சனியை ஆண்ட இரண்டாம் ஃப்ரீட்ரிக், பண்டிகைக்கு முன்னால் இங்கே ஒரு நாள் சந்தை கூட அனுமதி கொடுத்தார். நோன்பு முடிந்ததும் சமைக்க இறைச்சி வாங்கிக்கொள்ள மக்களுக்குக் கிடைத்த அந்த ஒரு நாள், இன்று ஏறத்தாழ நான்கு வாரமாக வளர்ந்து நிற்கிறது. 2024-இல் இதை 590-ஆவது சந்தை என்று கொண்டாடினார்கள். நெப்போலியன் காலத்துப் போர், இரண்டு உலகப் போர்கள், நாற்பது ஆண்டு சோஷலிச ஆட்சி எல்லாவற்றையும் கடந்து வந்த கணக்கு அது.

ஐரோப்பாவில் கிறிஸ்துமஸ் சந்தைகளுக்குப் பஞ்சமே இல்லை. நியூரம்பெர்க், வியன்னா, ஸ்ட்ராஸ்பர்க், ப்ராக் என்று பயண ஏற்பாட்டாளர்கள் நீளமாக அடுக்குவார்கள். என்னைக் கேட்டால் டிரெஸ்டனைத்தான் முதலில் சொல்வேன். இந்தச் சந்தையில் விற்கும் பொம்மை பிறந்த கிராமம் ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரத்தில் இருக்கிறது. அதே பொம்மையின் நூறு, நூற்றைம்பது வருஷத்து மூதாதை ஆற்றுக்கு அக்கரையில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. சந்தைக்குப் பக்கத்துத் தேவாலயம் இடிந்து கிடந்த காட்சி, பத்து நிமிட நடையில் இருக்கும் ஓவியக்கூடத்தின் சுவரில் தொங்குகிறது. சந்தையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர் இந்த ஊர்க் கிறிஸ்துமஸில் பாதியைத் தவறவிடுகிறார்.

வெண்ணெய்க்காகப் போப்பாண்டவருக்கு மனு

சந்தையின் பெயரே ஒரு பலகாரத்திலிருந்து வந்ததுதான். இன்று ஷ்டோலன் என்று அழைக்கப்படும் கிறிஸ்துமஸ் ரொட்டிக்கு இந்தப் பக்கத்துப் பழைய பெயர் ஷ்ட்ரீட்ஸல். கையளவு தடிமனில் நீளமாக, நடுவில் லேசாக மடித்தாற்போல இருக்கும். மேலே பொடித்த சர்க்கரை வெள்ளை வெளேரென்று போர்த்தியிருக்கும். துணியில் சுற்றிய குழந்தை இயேசுவின் உருவம் என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள்.

இன்றைக்கு இவ்வளவு மணக்கும் இந்த ரொட்டி, ஒரு காலத்தில் வாயில் வைக்க முடியாத பண்டமாக இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் அப்போது நோன்புக் காலம். வெண்ணெயும் பாலும் கூடாது. மாவு, தண்ணீர், ஈஸ்ட், கொஞ்சம் எண்ணெய், அவ்வளவுதான். சாக்சனியில் நல்ல எண்ணெய்க்கும் வழியில்லை. ஆட்சியாளர் எர்ன்ஸ்ட்டும் அவருடைய தம்பி ஆல்ப்ரெக்ட்டும் வெண்ணெய் சேர்க்க அனுமதி கேட்டு ரோமுக்கு மனுப் போட்டார்கள். பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு, 1491-இல் எட்டாம் இன்னொசென்ட் போப்பாண்டவர் அனுமதிக் கடிதம் அனுப்பினார். வெண்ணெய் சேர்க்கிறவர்கள் அதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும். பக்கத்து ஃப்ரைபெர்க் நகரின் பேராலயக் கட்டுமானத்துக்கு அந்தப் பணம் உதவியது. வரலாற்றில் அதை 'வெண்ணெய்க் கடிதம்' என்றே குறிப்பிடுகிறார்கள்.

அன்று போப்பாண்டவர் திறந்துவிட்ட வெண்ணெய், இன்று சட்டமாகவே ஆகிவிட்டது. மாவின் எடையில் குறைந்தது பாதிக்கு வெண்ணெய் இருந்தால்தான் அது டிரெஸ்டன் ஷ்டோலன். மார்கரின் கூடவே கூடாது. உலர் திராட்சை, பாதாம், சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல் எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் சுடப்படுவதற்கு மட்டுமே அந்தப் பெயர். ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு கொடுத்துக் காக்கிறது. ரொட்டி மீது தங்க நிற முத்திரை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு அடுமனைக்கும் தன் கைப்பக்குவம் உண்டு. மசாலாவில் என்ன சேர்க்கிறார்கள், எவ்வளவு நேரம் ரம்மில் திராட்சையை ஊறப்போடுகிறார்கள் என்பதை வெளியில் சொல்ல மாட்டார்கள். சுட்டவுடன் சாப்பிடுவதும் கிடையாது. சில வாரம் குளிர்ந்த இடத்தில் வைத்தால்தான் வெண்ணெயும் பழமும் மாவுக்குள் இறங்கிச் சுவை கூடும்.

இந்த ஊரின் ஆட்சியாளர்களிலேயே ஆடம்பரத்துக்குப் பெயர் போனவர் 'பலசாலி' ஆகுஸ்ட். 1730-இல் செய்ட்ஹைன் என்ற இடத்தில் தன் படைபலத்தைக் காட்ட அவர் ஒரு மாபெரும் முகாம் நடத்தினார். அங்கே வந்த விருந்தாளிகளுக்காக ஏறத்தாழ நூறு ரொட்டிக்காரர்கள் சேர்ந்து 1.8 டன் எடையில் ஒரே ஷ்டோலன் சுட்டார்கள். அதன் நினைவாக 1994 முதல் ஒவ்வொரு ஆண்டும், திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கு முந்தைய சனிக்கிழமை, ஷ்டோலன் திருவிழா நடக்கிறது. பல டன் எடையுள்ள ரொட்டியைக் குதிரை வண்டியில் ஏற்றி ஊர்வலமாகச் சந்தைக்குக் கொண்டுவந்து, ஓர் ஆள் உயரக் கத்தியால் வெட்டித் துண்டு துண்டாக விற்பார்கள். வரும் பணம் நற்பணிக்குப் போகிறது. கூட்டம் நெரியும், அன்றைக்குச் சந்தையை ஆற அமரப் பார்க்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சுரங்கத்திலிருந்து வந்த வெளிச்சம்

டிரெஸ்டனுக்குத் தெற்கே செக் எல்லையை ஒட்டி நீண்டு கிடப்பது எர்ட்ஸ்கெபிர்கே மலைத்தொடர். நூற்றாண்டுகளாக வெள்ளி, தகரம் எடுத்த பூமி. 2019-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. சந்தையில் கண்ணைப் பறிக்கும் மரப் பொருள்களில் பெரும்பாலானவை இந்த மலைக் கிராமங்களிலிருந்துதான் வருகின்றன.

குளிர்காலத்தில் இங்கே சுரங்கத் தொழிலாளி விடிவதற்கு முன் குழிக்குள் இறங்கி, இருட்டிய பிறகு மேலே வருவார். வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் சூரியனைப் பார்ப்பார். அவருக்கு வெளிச்சம் எவ்வளவு பெரிய சொத்து என்பதை இந்த ஊர் ஜன்னல்களைப் பார்த்தால் புரியும். ஒவ்வொரு ஜன்னலிலும் அரைவட்ட வளைவில் வரிசையாக மெழுகுவர்த்திகளோ சிறு விளக்குகளோ எரிகின்றன. ஷ்விப்போகன் என்று இதற்குப் பெயர். நமக்குத் தெரிந்த மிகப் பழைய வளைவு 1740-இல் யோஹான்கியோர்கன்ஷ்டாட் என்ற சுரங்க ஊரில் இரும்பில் செய்தது. இப்போது பரவலாக விற்கும் வடிவத்தில் இரண்டு சுரங்கத் தொழிலாளிகள், ஒரு மரச்சிற்பி, லேஸ் பின்னும் ஒரு பெண் இருப்பார்கள். கிறிஸ்துமஸ் அலங்காரத்தின் நடுவே வேலை செய்கிற மனிதர்களைக் கொண்டுவந்து வைத்த ஊர் இது. ஜன்னலில் மெழுகுவர்த்தி ஏந்திய சுரங்கத் தொழிலாளி பொம்மையையும் தேவதை பொம்மையையும் சேர்த்து வைப்பார்கள். வீட்டில் எத்தனை மகன்களோ அத்தனை தொழிலாளிகள், எத்தனை மகள்களோ அத்தனை தேவதைகள் என்பது பழைய வழக்கம்.

சந்தை நடுவில் சுற்றும் அந்தக் கோபுரத்தின் சிறிய வடிவம் வீட்டு மேசைகளிலும் இருக்கிறது. அதற்கு மோட்டார் கிடையாது. கீழே மெழுகுவர்த்திகள் எரியும். சூடான காற்று மேலே எழும்பி உச்சியில் இருக்கும் மரச் சிறகுகளைத் தள்ளும். சிறகோடு சேர்ந்து நடுத்தண்டு திரும்ப, அதில் பொருத்திய தட்டுகளும் சுற்றும். கீழ்த்தட்டில் குடில், அதற்கு மேல் ஆடு மேய்ப்பவர்கள், அதற்கும் மேல் சுரங்கத் தொழிலாளர் அணிவகுப்பு. நம் வீடுகளில் கொலுப் பொம்மைகளைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து அடுக்குவதுபோல, இங்கேயும் பரணிலிருந்து பெட்டிகள் இறங்குகின்றன. வருஷத்துக்கு ஒரு பொம்மை புதிதாகச் சேர்கிறது. பாட்டி வாங்கியது எது, அப்பா வாங்கியது எது என்று குழந்தைகளுக்குச் சொல்லப்படுகிறது.

வெள்ளியும் தகரமும் வற்றத் தொடங்கியபோது மலைக்காரர்கள் மரக்கடைசலில் இறங்கினார்கள். சைஃபன் என்ற கிராமம் அதில் பெயர் பெற்றது. அங்கே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான ஒரு கைவேலையைக் கட்டாயம் நேரில் பார்க்க வேண்டும். ஈரம் காயாத ஸ்ப்ரூஸ் மரத்தின் வட்டத் துண்டு ஒன்றைக் கடைசல் எந்திரத்தில் மாட்டுகிறார் கடைசல்காரர். மரம் சுழலச் சுழல, உளியால் ஓரிடத்தில் ஆழமாக, ஓரிடத்தில் மேலோட்டமாகப் பள்ளம் போடுகிறார். ஒரு பக்கம் முடித்துத் திருப்பி மாட்டி மறுபக்கமும் கடைகிறார். பார்க்கிறவர்களுக்கு அது மேடும் பள்ளமுமான மரவளையம், வேறொன்றும் தெரியாது. பிறகு வளையத்தைப் பலகையில் வைத்து, கத்தியை ஊன்றி, சுத்தியால் ஒரு தட்டு. பிளந்த துண்டைக் கையில் எடுத்தால், வெட்டு முகத்தில் ஒரு பசுமாடு நிற்கிறது! முதுகு, வயிறு, கால், தலை எல்லாம் அச்சாக இருக்கிறது. அதே வளையத்தைச் சுற்றிச் சுற்றிப் பிளக்க, ஒரு மந்தையே வந்து விழுகிறது. கடையும்போது அந்த மனிதர் மாட்டைக் கண்ணால் பார்க்கவே இல்லை. கை மட்டும் அறிந்திருந்தது. அப்புறம் ஒவ்வொரு துண்டையும் இழைத்து, கொம்பும் வாலும் ஒட்டி, வண்ணம் தீட்ட வேண்டும்.

இந்த அழகுக்குப் பின்னால் பட்டினியும் இருந்தது. நோவாவின் பேழையும் அதற்கான ஜோடி ஜோடி மிருகங்களும் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் பெட்டி பெட்டியாகப் போனபோது, செய்தவர்களுக்கு மிஞ்சியது சொற்பக் காசு. குடும்பமே உட்கார்ந்து வேலை செய்தது. சின்னக் குழந்தைகள் வண்ணம் பூசின. 1870 வாக்கில் வில்ஹெல்ம் ஃப்யூக்ட்னர் என்ற சைஃபன் கலைஞர் கடைந்த கொட்டை உடைக்கும் பொம்மைக்கு ராஜா, சிப்பாய், போலீஸ்காரர் வேடங்கள் போட்டார்கள். அதிகாரத்தில் இருப்பவர்கள் ஏழைகளுக்காகப் பல்லால் கொட்டை உடைக்கட்டும் என்று மலைக்காரர்கள் நினைத்ததில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. வாயிலிருந்து சாம்பிராணிப் புகை விடும் மரப் பொம்மைகளோ தபால்காரர், தோட்டக்காரர், வேட்டைக்காரர் என்று சாதாரண ஆட்களாகவே இருக்கின்றன. வயிற்றைத் திறந்து சிறு சாம்பிராணிக் கூம்பைப் பற்றவைத்து மூடினால் போதும்.

சந்தையில் கைவேலைப் பொம்மையின் விலை உங்களைத் திகைக்க வைக்கும். பக்கத்திலேயே அதன் மலிவான நகலும் கிடைக்கும். பத்து நகல் வாங்குவதைவிட ஓர் அசல் வாங்குங்கள்.

வேட்டை மாளிகையில் கிறிஸ்துமஸ்

பொம்மைகளின் வரலாற்றை அறிய எல்பே ஆற்றைத் தாண்ட வேண்டும். அக்கரையில் 16-ஆம் நூற்றாண்டில் கட்டிய வேட்டை மாளிகையின் எஞ்சிய பகுதியில் சாக்சனி நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. ஓஸ்கர் ஸைஃபெர்ட் என்பவர் ஊர் ஊராகச் சேகரித்த பொருள்களைக் கொண்டு 1913-இல் இங்கே திறந்தது. மன்னர்களின் சேகரிப்புகளால் நிறைந்த நகரத்தில் குடியானவர்களின் சேகரிப்புக்கும் இடம் வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றதன் பலன் இது. ஒவ்வொரு ஆண்டும் திருவருகைக் காலத்தில் இங்கே கிறிஸ்துமஸ் கண்காட்சி நடக்கும். பழைய கோபுரங்கள், மலைக் காட்சிகள், அலங்கரித்த மரங்கள் என்று தாழ்ந்த கூரையுள்ள அறைகள் நிறைந்துவிடும். நகரின் பெரிய அருங்காட்சியகங்களைப் பார்க்க வருகிறவர்கள் இதைத் தவறவிடுவது வழக்கம். எனக்கு இங்கேதான் முதலில் போகத் தோன்றும்.

சந்தையில் உலர்ந்த பிளம்ஸ் பழங்களைக் குச்சியில் கோத்து, தலையில் தொப்பி, கையில் ஏணியோடு ஒரு பொம்மை விற்பார்கள். அதிர்ஷ்டம் தரும் என்று வாங்கிப்போகிறார்கள். புகைபோக்கி சுத்தம் செய்த சிறுவர்களின் உருவம் அது. 17-ஆம் நூற்றாண்டில் ஏழு எட்டு வயது அநாதைப் பிள்ளைகளைக் குறுகலான புகைபோக்கிகளுக்குள் இறக்கிக் கரி சுரண்ட வைத்தார்கள். பிற்காலத்தில் ஏழைக் குழந்தைகளே இந்தப் பொம்மைகளைச் செய்து சந்தையில் விற்றார்கள். டிரெஸ்டன் ஓவியர் லுட்விக் ரிஷ்டர் 19-ஆம் நூற்றாண்டில் செய்த மரச்செதுக்குப் படம் ஒன்றில், குளிரில் பொம்மை விற்கும் இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பிளம்ஸ் பொம்மை வாங்குகிறவர்கள் அந்தப் படத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

சுவரில் தொங்கும் கிறிஸ்துமஸ் இரவு

சந்தையிலிருந்து ட்ஸ்விங்கர் அரண்மனைக்குப் பத்து நிமிட நடை. அங்கேதான் பழங்கால மேதைகளின் ஓவியக்கூடம். உலகம் முழுவதிலிருந்தும் வருகிறவர்கள் நேராக ரஃபேல் வரைந்த சிஸ்டீன் மடோனாவிடம் போகிறார்கள். 1754-இல் இத்தாலியின் பியாசென்ஸா மடத்திலிருந்து சாக்சனி ஆட்சியாளர் மூன்றாம் ஆகுஸ்ட் வாங்கி வந்தது. அதன் அடியில் கன்னத்தில் கை வைத்த இரண்டு குட்டித் தேவதைகள் வாழ்த்து அட்டைகளில் ஏறி உலகையே சுற்றிவிட்டார்கள்.

கிறிஸ்துமஸ் நாட்களில் வந்திருக்கும் நீங்கள் முதலில் கொரெஜ்ஜோவின் 'புனித இரவு' ஓவியத்தின் முன் நில்லுங்கள். 1522-இல் ஒரு தேவாலயத்துக்காகக் கேட்டு வரையப்பட்டு 1530-இல் அங்கே வைக்கப்பட்டது. 1740-களில், மோடெனா பிரபுவிடமிருந்து வாங்கிய நூறு ஓவியங்களோடு டிரெஸ்டனுக்கு வந்தது. இரண்டரை மீட்டர் உயரப் பலகையில் முக்கால்வாசி இருட்டு. மாட்டுத்தொழுவத்தில் தாயின் கைகளுக்குள் குழந்தை. படத்தில் விளக்கு எதுவும் இல்லை, தீவட்டியும் இல்லை. எல்லா வெளிச்சமும் அந்தக் குழந்தையின் உடம்பிலிருந்தே கிளம்புகிறது. மரியாவின் முகத்தில் பட்டு அவளை ஒளிர வைக்கிறது. பக்கத்தில் நிற்கும் பெண்ணுக்குக் கண் கூசுகிறது. முகத்தைச் சுருக்கிக் கையை உயர்த்தித் தடுக்கிறாள். மரியாவின் கண்கள் மட்டும் கூசவில்லை. பின்னால் யோசேப்பு கழுதையோடு மல்லுக்கட்டுகிறார். தொலைவில் மலைக்கு அப்பால் விடியலின் மெல்லிய கீற்று. மனிதர்களின் கண்கூச்சத்தைக் கொண்டே ஒளியின் வீச்சை உணர்த்திவிட்ட இந்த ஓவியத்தை ஒரு காலத்தில் ரஃபேலுக்குச் சமமாக வைத்துப் போற்றினார்கள். இன்று இதன் முன் கூட்டமே இருப்பதில்லை. பார்க்கிறவர்களுக்கு அது வசதிதான்.

அதே ஓவியக்கூடத்தில் பெர்னார்டோ பெல்லோட்டோ 1765-இல் வரைந்த படம் ஒன்று இருக்கிறது. சந்தைச் சதுக்கத்தின் மூலையில் நிற்கும் சிலுவை ஆலயம், ஏழாண்டுப் போரில் பிரஷ்யப் படையின் குண்டுவீச்சில் 1760-இல் எரிந்துபோனது. கோபுரம் பிளந்து பாதி நிற்க, அடியில் கற்குவியல் கிடப்பதை பெல்லோட்டோ கல் கல்லாக வரைந்திருக்கிறார். மீண்டும் கட்டிய ஆலயம் 1945 பிப்ரவரியில் மறுபடி எரிந்தது.

ஆற்றங்கரையில் ஆல்பர்டினம் என்ற கட்டடத்தில் 19-ஆம் நூற்றாண்டு முதல் இன்றுவரையான கலை இருக்கிறது. ஓவியர் காஸ்பர் டாவிட் ஃப்ரீட்ரிக் 1798 முதல் இறக்கும்வரை வாழ்ந்த ஊர் டிரெஸ்டன். அவர் பிறந்ததன் 250-ஆவது ஆண்டை ஒட்டி 2024 ஆகஸ்டில் தொடங்கிய பெரிய கண்காட்சி, அந்த ஆண்டு கிறிஸ்துமஸையும் தாண்டி 2025 ஜனவரி வரை நடந்தது. கண்காட்சி முடிந்தாலும் 'மலையில் சிலுவை' நிரந்தரமாக இங்கேதான் இருக்கிறது. 1808-இல் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஃப்ரீட்ரிக் தன் வீட்டு ஓவிய அறையையே திறந்துவிட்டு இதைப் பொதுமக்களுக்குக் காட்டினார். மேசையில் கறுப்புத் துணி விரித்து, அறையைப் பாதி இருட்டாக்கி, நடுவில் ஓவியத்தை நிறுத்தியிருந்தார். வந்தவர்கள் ஆலயத்தில் நிற்பதுபோல் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். மலையுச்சி, ஊசியிலை மரங்கள், சிலுவை, மறையும் சூரியனின் கதிர்கள், அவ்வளவுதான் படம். பீடத்தில் இயற்கைக் காட்சியை வைப்பதா என்று ராம்டோர் என்ற விமர்சகர் கொதித்தெழ, ஜெர்மன் கலையுலகமே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது.

எரிந்த நகரம் பாடுகிறது

1945 பிப்ரவரி 13 முதல் 15 வரை பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் டிரெஸ்டன் மீது குண்டுமழை பொழிந்தன. சுமார் 25,000 பேர் இறந்தார்கள். நகரின் அடையாளமான ஃப்ராவன்கிர்ஷே தேவாலயம் இடிந்து விழுந்து, அரை நூற்றாண்டு காலம் கற்குவியலாகவே கிடந்தது. ஓவியங்களை முன்கூட்டியே வேறிடங்களில் பதுக்கியிருந்ததால் பெரும்பாலானவை தப்பின. அவற்றைச் சோவியத் படை எடுத்துப்போனது. 1955-இல் திருப்பிக் கொடுத்தது.

ஃப்ராவன்கிர்ஷேயை 1994-இல் மீண்டும் கட்டத் தொடங்கினார்கள். இடிபாட்டில் கிடைத்த கருகிய கற்களையும் அந்தந்த இடத்திலேயே பொருத்தி, 2005 அக்டோபரில் திறந்தார்கள். வெளிர் மஞ்சள் சுவரில் திட்டுத் திட்டாகக் கறுப்புக் கல் தெரிவது அதனால்தான். கட்டுமானம் தொடங்கும் முன்பே, 1993 டிசம்பர் 23 அன்று, இடிபாட்டின் முன்னால் மக்கள் கூடிக் கிறிஸ்துமஸ் மாலை வழிபாடு நடத்தினார்கள். இன்றும் ஒவ்வொரு டிசம்பர் 23 மாலையும் ஆயிரக்கணக்கானவர்கள் அதே சதுக்கத்தில் குளிரில் நின்று பாடுகிறார்கள். எந்த மதத்தவரானாலும் நின்று கேட்கலாம், டிக்கெட் கிடையாது.

சிலுவை ஆலயத்தின் சிறுவர் பாடகர் குழுவுக்கு எண்ணூறு வயதுக்கு மேல். போருக்குப் பின் ஆலயத்தின் உட்புறத்தை அலங்காரமாக்காமல் கரடுமுரடான பூச்சோடு விட்டுவிட்டார்கள். அந்தச் சுவர்களுக்குள் டிசம்பரில் சிறுவர்கள் இசைமேதை பாஹின் கிறிஸ்துமஸ் ஆரட்டோரியோவைப் பாடக் கேட்பது இந்தப் பயணத்தின் உச்சம் என்பேன். இதற்கான டிக்கெட்டுகள் சீக்கிரமே தீர்ந்துவிடும்.

டில்லி தர்பாரும் தரங்கம்பாடியும்

மன்னர்கள் வாழ்ந்த அரண்மனையில் 'பசுமைப் பெட்டகம்' என்ற கருவூலம் இருக்கிறது. 2019 நவம்பரில் இங்கே நடந்த வைரக் கொள்ளை உலகச் செய்தியானது. பறிபோன நகைகளில் பெரும்பகுதி 2022-இல் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பு மீண்டு வந்தது. நம்மவர்கள் இங்கே தேடிப் பார்க்க வேண்டியது வேறொன்று. பொற்கொல்லர் டிங்லிங்கர் தன் சகோதரர்களோடு சேர்ந்து 1701 முதல் 1708 வரை உழைத்துச் செய்த, மொகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பின் பிறந்தநாள் தர்பார். தங்கத்தில் எனாமல் பூசிய 130-க்கும் மேற்பட்ட குட்டி உருவங்கள், யானைகள், ஒட்டகங்கள், ஏறத்தாழ 5,000 வைரங்கள். டிங்லிங்கர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. பயணிகள் எழுதிய புத்தகங்களைப் படித்து, கற்பனையையும் கலந்து செய்தார்.

அந்தத் தர்பார் உருவாகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், டிரெஸ்டனுக்கு வடகிழக்கே புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்த ஓர் இளைஞர் நிஜ இந்தியாவுக்கே கப்பல் ஏறினார். 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கிய பார்த்தலோமேயு சீகன்பால்குதான் அவர். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து 1715-இல் அச்சிட்டு முடித்தார். 1719-இல் தரங்கம்பாடியிலேயே இறந்தார். அரசவை தங்கத்தில் கற்பனை செய்துகொண்டிருந்த நாட்டின் ஒரு மூலையில், அதே மண்ணின் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். டில்லி தர்பாரை விடச் சீகன்பால்குவின் உழைப்பே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அந்தப் புல்ஸ்னிட்ஸ் இன்று ஜெர்மனி முழுக்க அறியப்படுவது மசாலா கேக்குக்காக. 1558-இல் அவ்வூர் ரொட்டிக்காரர்களுக்கு அதைச் சுடும் உரிமை கிடைத்தது. இனிப்புப் பாகும் மாவும் பிசைந்து வாரக்கணக்கில் ஊறவிட்டு, பட்டை, கிராம்பு, ஏலக்காய் சேர்த்துச் சுடுகிறார்கள். டிரெஸ்டன் சந்தையிலும் கிடைக்கும்.

சந்தைக்கு மேலும் வீட்டு வாசல்களிலும் ஒளிரும் கூர்முனை நட்சத்திரங்களுக்கும் தரங்கம்பாடியோடு ஒரு தொடர்பு உண்டு. அவை மொரேவியன் என்ற கிறிஸ்தவச் சபையின் தலைமையூரான ஹெர்ன்ஹூட்டில் தயாராகின்றன. 19-ஆம் நூற்றாண்டில் அச்சபையின் விடுதிப் பள்ளியில் வடிவியல் பாடத்தில்தான் இந்த நட்சத்திரம் பிறந்தது. ஊழியத்துக்காகக் கடல் கடந்து போன பெற்றோரைப் பிரிந்திருந்த பிள்ளைகள் காகிதத்தில் செய்து தொங்கவிட்டார்கள். 17 நாற்கரக் கூர்கள், 8 முக்கோணக் கூர்கள். அந்தச் சபையினர் 1760-இல் தரங்கம்பாடிக்கும் வந்து சில பத்தாண்டுகள் தங்கியிருந்தார்கள். ஹெர்ன்ஹூட் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது, 2024 ஜூலையில் புது டில்லியில் கூடிய யுனெஸ்கோ குழுவின் முடிவால்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பெர்லினிலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். நவம்பர் கடைசி வாரத்திலிருந்து டிசம்பர் 24 வரைதான் ஷ்ட்ரீட்ஸல்மார்க்ட். கடைசி நாள் பிற்பகலிலேயே மூடிவிடுவார்கள். 25-ஆம் தேதி போய் இறங்கினால் வெறும் சதுக்கம்தான் இருக்கும். ஓவியக்கூடம் திங்கட்கிழமையும், அரண்மனைக் கருவூலம் செவ்வாய்க்கிழமையும் விடுமுறை. ஒயின் கோப்பைக்கு முன்பணம் வாங்குவார்கள். திருப்பிக் கொடுத்தால் பணம் கிடைக்கும். மது வேண்டாதவர்களுக்குச் சூடான பழரசம் உண்டு. 2016-இல் பெர்லினிலும் 2024-இல் மாக்டெபுர்கிலும் சந்தைகளுக்குள் வாகனத்தை ஓட்டி உயிர்களைப் பறித்த கொடுமைகளுக்குப் பிறகு, நுழைவாயில்களில் தடுப்புகளும் காவலும் கூடியிருக்கின்றன. பெரிய பைகளைத் தவிர்ப்பது நல்லது. காலையில் ஓவியங்கள், மாலையில் சந்தை என்று வைத்துக்கொண்டால் குளிரையும் சமாளிக்கலாம். மூன்று நாளாவது தங்குங்கள். அதில் ஒரு முற்பகலைப் புல்ஸ்னிட்ஸுக்கு ஒதுக்குங்கள். உள்ளூர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். தமிழ் படித்த யாரும் போய்ப் பார்க்க வேண்டிய ஊர் அது.